ஒசாகா, மார்ச் 2024: பத்தாம் நாள் மோதல்கள் வகுக்கப்பட்ட விதம் சரிதானா?

வைகறை:

2024 மார்ச் மாதம் ஒசாகாவில் நடந்த சூமோ தொடரைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் கடைசி நாளுக்குத்தான் போகிறார்கள். வலது கணுக்காலில் அடிபட்டு, முந்தைய நாள் ஆம்புலன்சில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்ட டாகெருஃபுஜி என்ற இளைஞர் மறுநாள் கட்டுப்போட்ட காலோடு களமேறி, கோனோயாமாவைத் தள்ளி வீழ்த்திக் கோப்பையை வென்றார் என்பது யாராலும் மறக்க முடியாத நிகழ்வுதான். அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் டாகெருஃபுஜி அந்தக் கோப்பைக்குத் தகுதியானவரா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது கடைசி நாளில் அல்ல. பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இடைநாள்களில்தான் என்பது என் உறுதியான எண்ணம். அந்த நாள்களைப் பற்றி மட்டும் பேசுவதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு விளக்கம். மேல்பிரிவில் 42 மல்லர்கள் இருக்கிறார்கள். தொடர் 15 நாள். நாளுக்கு ஒரு மோதல். எனவே ஒவ்வொருவரும் மற்ற 41 பேரில் 15 பேரை மட்டுமே சந்திக்க முடியும். அந்தப் பதினைந்து பேர் யார் என்பதை முடிவு செய்வது சீட்டுக்குலுக்கல் அன்று. களத்தைச் சுற்றிக் கறுப்பு மேலங்கியில் உட்கார்ந்திருக்கிறார்களே, அந்த முன்னாள் மல்லர்களான தீர்ப்பாளர்களின் பிரிவுதான் தொடர் நடக்கும்போதே நாளுக்கு நாள் இணைகளை வகுக்கிறது. தரவரிசையில் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களை ஒருவரோடொருவர் மோதவிடுவது பொது வழக்கம். டாகெருஃபுஜி அந்தத் தொடரில்தான் மேல்பிரிவுக்கு முதன்முதலாக வந்திருந்தார். வரிசையில் 17ஆம் மயேகாஷிரா (மேல்பிரிவில் சிறப்புப் பதவி இல்லாதவர்; எண் கூடக் கூடப் படி இறங்கும்), அதாவது ஏறக்குறைய கடைசிப்படி. முதல் ஒன்பது நாளும் அவர் தோல்வியே காணவில்லை.

மார்ச் 19, செவ்வாய், பத்தாம் நாள். அன்று அவரை 5ஆம் மயேகாஷிராவான ஓனோசாட்டோவுக்கு எதிரே நிறுத்தினார்கள். ஓனோசாட்டோ ஒரே ஒரு தோல்வியோடு அவரைத் துரத்திக்கொண்டிருந்தார். இருவருக்கும் தொழில்முறை அனுபவம் மிகக் குறைவு. ஓனோசாட்டோவுக்குக் குடுமி முடியும் அளவுக்குக்கூடத் தலைமுடி வளர்ந்திருக்கவில்லை. டாகெருஃபுஜி வென்றார். மறுநாள் ஒசெக்கி (இரண்டாவது உயர்ந்த பதவி) கோட்டோனோவாகா. அவரையும் வளையத்துக்கு வெளியே நெருக்கித் தள்ளினார். பன்னிரண்டாம் நாள் இன்னொரு ஒசெக்கியான ஹோஷோரியூ. அங்கேதான் முதல் தோல்வி.

இப்படி அவரை மேலே இழுத்தது சரியா, அதை இன்னும் முன்னரே செய்திருக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

மாறன்:

வைகறை அவர்களின் விளக்கம் தெளிவானது. முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தொடரில் நான்கு ஒசெக்கிகள் இருந்தார்கள்: கிரிஷிமா, ஹோஷோரியூ, டகாகெய்ஷோ, கோட்டோனோவாகா. டாகெருஃபுஜி சந்தித்தது இவர்களில் இருவரை மட்டுமே. உச்சப் பதவியான யோகோசுனாவில் இருந்த டெருனோஃபுஜி ஏழாம் நாளிலேயே விலகிவிட்டார். விலகாமல் இருந்திருந்தாலும் இருவரும் ஒரே பயிற்சிக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் மோதியிருக்க மாட்டார்கள். 13 வெற்றி, 2 தோல்வி என்ற கணக்கு நேர்மையாக ஈட்டப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தப் பதின்மூன்றும் ஓர் ஒசெக்கி ஈட்டும் பதின்மூன்றும் ஒரே எடையுள்ளவையா என்பதைத்தான் கேட்கிறேன்.

இது அவர் ஒருவரைப் பற்றிய பேச்சும் அன்று. 2020 ஜனவரியில் டோக்குஷோரியூ 17ஆம் மயேகாஷிராவாக இருந்து 14 வெற்றிகளோடு கோப்பையை வென்றார். அந்தத் தொடரில் ஹக்குஹோ, ககுரியூ ஆகிய இரு யோகோசுனாக்களும் பாதியிலேயே விலகியிருந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் டெருனோஃபுஜி, அவரும் 17ஆம் மயேகாஷிராவாக இருந்தபோதுதான். அதற்கு முன்பு வரிசையின் அடியிலிருந்து வந்து வென்றவர் என்றால் 2000 மார்ச்சில் இதே ஒசாகாவில் வென்ற டகாட்டோரிக்கியைத்தான் சொல்வார்கள். இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்ந்தது நான்கே ஆண்டுகளில் மூன்றுமுறை நிகழ்ந்தால், இணைகளை வகுக்கும் முறையில் ஒரு துளை இருக்கிறது என்றுதான் பொருள்.

இளவேனில்:

மாறன், துளை என்று நீங்கள் சொல்லும் இடம் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. இணைகளை எப்போது வகுக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் இரண்டு நாள்களின் இணைகள் தொடர் தொடங்குவதற்கு முன்பே முடிவாகிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு நாளின் இணையும் முந்தைய நாள் காலையில் தீர்ப்பாளர் பிரிவு கூடி வகுப்பது. காலை என்ற சொல்லைக் கவனியுங்கள். மேல்பிரிவு மோதல்கள் நடப்பது பிற்பகல் நான்கு மணியிலிருந்து ஆறு மணிக்குள். ஆகவே பத்தாம் நாள் இணைகளை வகுக்க ஒன்பதாம் நாள் காலையில் கூடியவர்களின் கையில் இருந்தது எட்டு நாள் முடிவுகள் மட்டுமே. எட்டாம் நாள் என்பது எப்போதும் ஞாயிற்றுக்கிழமை, தொடரின் நட்டநடு நாள். எட்டு மோதல்களையும் வென்றவர், மீதி ஏழு நாளில் என்ன நடந்தாலும் பாதிக்கு மேல் வெற்றி என்ற நிலையை அன்றைக்கே எட்டிவிடுவார். தரவரிசையில் அவர் ஏறுவது உறுதி. அந்த நிலையில் ஒரு கடைசிப்படி மல்லர் நிற்கிறார் என்று தெரிந்த மறுநாள் காலையிலேயே அவரை ஓனோசாட்டோவுக்கு எதிரே வைக்க முடிவெடுத்திருக்கிறார்கள். இதைத் தாமதம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி, ஏன் நான்கு ஒசெக்கிகளையும் சந்திக்கவில்லை என்ற கேள்வி. மயேகாஷிராவுக்கு மேலே பதவி பெற்ற மேல்தட்டு மல்லர்கள் ஒருவரையொருவர் சந்தித்தாக வேண்டும் என்பது எழுதாத கடமை. முதல் வாரத்தில் அவர்கள் மேல்வரிசை மயேகாஷிராக்களோடு மோதி முடித்து, இரண்டாம் வாரத்தில் தங்களுக்குள் மோதுவார்கள். அந்த இரண்டாம் வாரத்தில் ஓர் ஒசெக்கியை எடுத்து 17ஆம் மயேகாஷிராவுக்கு எதிரே வைத்தால், அவருக்கு வைத்திருந்த ஒரு மேல்தட்டு மோதல் அந்தத் தொடரிலிருந்தே காணாமல் போகும். டாகெருஃபுஜிக்காக இரண்டு ஒசெக்கிகளையும், பதின்மூன்றாம் நாளில் ஒசெக்கிக்கு அடுத்த பதவியான செகிவாகேயில் இருந்த வாகாமோட்டோஹாருவையும் எடுத்துக் கொடுத்தார்கள். மூன்று முறை வரிசையைக் குலைத்திருக்கிறார்கள். நான்காவது முறையும் குலைத்திருந்தால் இதே மன்றத்தில், ஒசெக்கிகள் தங்களுக்குள் மோதுவதைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டார்கள் என்று இன்னோர் இழை தொடங்கப்பட்டிருக்கும்.

அதோடு மற்ற இரு ஒசெக்கிகளின் நிலையையும் பாருங்கள். கிரிஷிமா அந்தத் தொடரை 5 வெற்றி, 10 தோல்வி என்று முடித்தார். டகாகெய்ஷோ பதவியைத் தக்கவைக்க எட்டு வெற்றி தேவை என்ற நெருக்கடியில் இருந்தார். எட்டைத் தொட்டதோடு சரி. வீழ்ந்துகொண்டிருந்த ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் அது சோதனை ஆகுமா? அப்போது திடமாக நின்ற இருவர் கோட்டோனோவாகாவும் ஹோஷோரியூவும்தான். இருவரையும் அவர் அடுத்தடுத்த நாள்களில் சந்தித்தார்.

தணிகை:

ஓர் ஐயம். கீழ்ப்பிரிவுகளில் ஒரே எண்ணிக்கையில் வென்றவர்களை ஒருவரோடொருவர் மோதவிடுகிறார்கள் என்று படித்திருக்கிறேன். மேல்பிரிவிலும் அப்படியே செய்தால் இந்தச் சிக்கலே எழாதல்லவா?

பரிதி:

தணிகை அவர்களுக்கு: நீங்கள் படித்தது சரி. மேலிருந்து மூன்றாம் பிரிவான மாகுஷிதாவிலும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குப் பதினைந்து நாளில் ஏழு மோதல்கள் மட்டுமே. மூன்று வென்றவர் மூன்று வென்றவரோடு, நான்கு வென்றவர் நான்கு வென்றவரோடு என்று வைத்துக்கொண்டே போவார்கள். தோல்வி காணாதவர்கள் ஒருவரையொருவர் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் ஒருவரோ இருவரோ மிஞ்சுவார்கள். கோப்பைக்கு உரியவர் யார் என்று கண்டறிவது மட்டுமே நோக்கம் என்றால் அதைவிடச் சிறந்த முறை இல்லை.

மேல்பிரிவு மோதல்களுக்கு வேறு வேலைகளும் இருக்கின்றன. ஒருவர் ஒசெக்கியாகத் தகுதி பெற்றாரா, யோகோசுனாவாகத் தகுதி பெற்றாரா என்று எடைபோடும்போது, அவர் யாரை வென்றார் என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். வெற்றி எண்ணிக்கையை மட்டும் வைத்து இணைத்தால், தொடக்கத்தில் இரண்டு நாள் சறுக்கிய ஓர் ஒசெக்கி கீழ்வரிசைக்காரர்களோடு எளிதாக மோதிக்கொண்டே பத்து வெற்றிகளைச் சேர்த்துவிடுவார். தரவரிசை என்ற கட்டடமே அதில் ஆட்டம் கண்டுவிடும்.

ஆகவே உண்மையில் நடப்பது ஒரு கலப்பு. முதல் பாதி தரவரிசைப்படி. இரண்டாம் பாதியில், முன்னணியில் இருப்பவருக்கு மட்டும் வெற்றிக் கணக்கையும் பார்த்து இணைக்கிறார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் மடைதான் அந்த எட்டு, ஒன்பது, பத்தாம் நாள்கள். எந்தத் தொடரிலும் நான் விடாமல் பார்ப்பது அந்த மூன்று நாள்களைத்தான்.

வைகறை:

பரிதியும் இளவேனிலும் எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. பதினொன்றாம் நாளைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

கோட்டோனோவாகாவுக்கு அது ஒசெக்கியாக முதல் தொடர். எதிரே நின்றவருக்கு மேல்பிரிவிலேயே முதல் தொடர். மேல்பிரிவில் களமேறிய பிறகு மோதத் தொடங்குவதற்கு நான்கு நிமிடம் தருகிறார்கள்; உப்பை அள்ளி வீசுவதும், குனிந்து ஒருவரையொருவர் உற்றுப் பார்ப்பதும், மறுபடி மூலைக்குத் திரும்புவதுமாக அந்த நேரம் கழியும். கடைசியாகத் திரும்பும்போது மூலையில் இருக்கும் உதவியாளர் துண்டை எடுத்துக் கொடுத்தால் நேரம் முடிந்தது என்று பொருள். பதிவில் அந்தக் கணத்திலிருந்து பாருங்கள். தொடக்கக் கோடுகளுக்கு இடையே வெறும் 70 சென்டிமீட்டர்தான். அந்தச் சிறு இடைவெளியிலேயே டாகெருஃபுஜி வேகத்தைக் கூட்டிவிடுகிறார். எதிராளி நிமிரும் முன்பே அவருடைய தோள் எதிராளியின் நெஞ்சுக்குக் கீழே போய்விடுகிறது. 184 சென்டிமீட்டர் உயரம், 140 கிலோவுக்குச் சற்று மேல் எடை. இன்றைய மேல்பிரிவில் இது பெரிய உடம்பே அன்று. முதல் அடியில் கிடைத்த முன்னிலையை விடாமல், கால்கள் களிமண்ணைத் தேய்த்தபடியே முன்னேறுவதுதான் அவருடைய முழுக்கலையும். வளையத்தின் விட்டம் 4.55 மீட்டர். பின்வாங்குகிறவருக்கு இரண்டு காலடிக்கு மேல் இடம் கிடையாது.

அந்த வெற்றியோடு, மேல்பிரிவில் நுழைந்த முதல் நாளிலிருந்து தொடர்ந்து 11 வெற்றிகள். 1960 ஜனவரியில் டைஹோ நிகழ்த்தியதற்கு அது சமம். டைஹோவின் ஓட்டம் முடிந்ததும் பன்னிரண்டாம் நாளில்தான். அன்று அவருக்கு எதிரே நிறுத்தப்பட்டவர் செகிவாகேக்கு அடுத்த பதவியான கொமுசுபியில் இருந்த காஷிவாடோ. கீழ்வரிசையில் ஒரு புதுமுகம் தோற்காமல் போய்க்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து ஒரு வலுவான இளைஞரை இறக்கிச் சோதித்தார்கள். டைஹோ அந்தத் தொடரை 12 வெற்றி, 3 தோல்வியோடு முடித்தார். பின்னர் 1961இல் அவரும் காஷிவாடோவும் ஒரே நேரத்தில் யோகோசுனாவானார்கள். 64 ஆண்டுகள் கழித்து அதே பன்னிரண்டாம் நாளில் ஹோஷோரியூ அந்த வேலையைச் செய்தார். மாறன் துளை என்று சொல்வதை அந்தக் காலத்திலேயே அறிந்து, அதற்கு ஒரு வழியும் கண்டிருந்தார்கள் என்பதைத்தான் இது காட்டுகிறது.

ஆழிமழை:

ஒரே பயிற்சிக்கூடத்தார் மோதுவதில்லை என்று மாறன் தொட்டுச் சென்றதைப் பற்றி இன்னும் பேச வேண்டும். இந்தத் தொடரில் அதன் தாக்கம் சிறியது அன்று. டாகெருஃபுஜியின் இசேகஹாமா கூடத்திலிருந்து யோகோசுனா டெருனோஃபுஜியோடு அடாமிஃபுஜி, மிதோரிஃபுஜி, நிஷிகிஃபுஜி ஆகியோரும் மேல்பிரிவில் இருந்தார்கள். இத்தனை பேரையும் சந்திக்கத் தேவையில்லை என்பது ஒரு சலுகைதானே? சிறிய கூடத்தில் தனியாக நிற்கும் மல்லருக்கு அந்தச் சலுகை இல்லை.

டைஹோவின் காலத்தில் இது இன்னும் கடுமையாக இருந்தது. ஒரு கூடம் மட்டுமன்றி, அதோடு உறவுள்ள கூடங்களின் மல்லர்களும் தங்களுக்குள் மோத மாட்டார்கள். 1965 ஜனவரியில்தான் அதைத் தளர்த்தி, ஒரே கூடத்தார் மட்டும் மோதுவதில்லை என்று ஆக்கினார்கள். வெற்றிக் கணக்கு சமமாகி முடிவு ஆட்டம் வரும்போது மட்டும் விலக்கு உண்டு. 1995 நவம்பரில் வாகானோஹானா, டகானோஹானா என்ற உடன்பிறந்தவர்கள் இருவரும் கோப்பைக்காக மோதி அண்ணன் வென்றது அப்படித்தான். முடிவு ஆட்டத்தில் மோதலாம் என்றால், பத்தாம் நாளில் ஏன் மோதக் கூடாது?

பரிதி:

ஆழிமழை, அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஒரே கூடத்தில் உண்டு, உறங்கி, விடியற்காலையில் ஒருவர்மேல் ஒருவர் மோதிப் பயிற்சி செய்கிறவர்கள் அவர்கள். ஒருவருக்கு எட்டாவது வெற்றி தேவைப்படும் நாளில் அவருடைய கூடத்துத் தோழரையே எதிரே நிறுத்தினால், நேர்மையாகவே மோதினாலும் பார்க்கிறவர் மனத்தில் ஐயம் எழும். முடிவு ஆட்டத்தில் இருவருமே கோப்பையை நோக்கி நிற்பதால் அந்த ஐயத்துக்கு இடமில்லை. பெரிய கூடங்களுக்கு இதில் ஆதாயம் இருப்பது உண்மை. 2024 ஏப்ரலில் மியாகினோ கூடத்து மல்லர்கள் இசேகஹாமாவுக்கு மாற்றப்பட்ட பிறகு அந்த ஆதாயம் கூடியிருப்பதும் உண்மை. ஆனாலும் இந்த விதியைத் தளர்த்துவதைவிட இப்படியே விடுவதில்தான் கேடு குறைவு என்று நம்புகிறேன்.

கயல்:

இழையின் பொருளையொட்டி ஒன்று சொல்ல விரும்புகிறேன். இடைநாள்கள் என்றாலே மாலை நான்கு மணிக்கு மேல் நடப்பதை மட்டும் பேசுகிறோம். மோதல்கள் காலை எட்டரை மணி வாக்கிலேயே தொடங்கிவிடுகின்றன. அப்போது அரங்கில் ஆளே இருக்காது. தரவரிசையில் இன்னும் பெயர் ஏறாத புதிய பிள்ளைகள் மோதுவது அந்த நேரத்தில்தான். அதில் தேறியவர்களைத் தொடரின் நடுவில், வழக்கமாக எட்டாம் நாளில், களத்தில் வரிசையாக நிறுத்தி மக்களுக்கு அறிமுகம் செய்வார்கள். மார்ச்சில் புதியவர்கள் நிறையப் பேர் சேர்வதால் அதைப் பிரித்து நடத்துவார்கள். சித்திரத் தையல் போட்ட கனமான முன்னாடை அவர்களுக்குச் சொந்தமாக இருக்காது. கூடத்துத் தலைவரோ மூத்தவர்களோ எப்போதோ அணிந்ததை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். சிலருக்கு அது பாதம்வரை தொங்கும். சொந்தமாக ஒன்றை அணிய வேண்டுமென்றால் மேல்பிரிவுக்கு அடுத்த பிரிவான ஜூரியோவரை ஏற வேண்டும். பெரும்பாலோர் அந்தப் படியைத் தொடுவதே இல்லை.

டாகெருஃபுஜியும் 2022 செப்டம்பரில் அந்தக் காலைநேர மோதல்களில் தொடங்கியவர்தான். அங்கிருந்து பத்தாவது தொடரில் கோப்பை. 17ஆம் மயேகாஷிரா என்ற எண்ணை வைத்து மாறன் அவரை எடைபோடுகிறார். அந்த எண் அவருடைய வலிமையைச் சொல்லவில்லை. எவ்வளவு விரைவாக வந்தார் என்பதைத்தான் சொல்கிறது. அதற்கு முந்தைய ஜனவரித் தொடரில்தான் ஜூரியோவில் நுழைந்து, அதே தொடரில் 13 வெற்றிகளோடு அந்தப் பிரிவின் கோப்பையையும் வென்றிருந்தார். தரவரிசைப் பட்டியலால் அவரோடு ஓடிவர முடியவில்லை.

மாறன்:

கயல் சொன்னதில் எனக்கு ஏற்புடையது நிறைய இருக்கிறது. டாகெருஃபுஜியின் வலிமையை நான் மறுக்கவில்லை. புதுமுகமாக வந்து கோப்பையை வென்றது 1914க்குப் பிறகு முதன்முறை, 110 ஆண்டுகளில் நிகழாதது என்றால் அது வெறும் நல்வாய்ப்பாக இருக்க முடியாது. எட்டு நாள்வரை காத்திருப்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது. ஆறாம் நாள் முடிவிலேயே ஒரு கீழ்வரிசை மல்லர் தோற்காமல் இருந்தால், ஏழாம் எட்டாம் நாள்களில் பத்தாம் நிலைக்கு மேலுள்ளவர்களோடும், ஒன்பதாம் நாளிலிருந்து மேல்தட்டோடும் மோதவிட வேண்டும் என்று விதியாகவே எழுதிவைக்கலாம். அந்தந்த நேரத்துத் தீர்ப்பாளர்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டால் ஒரு தொடரில் ஒரு விதம், இன்னொரு தொடரில் வேறு விதம் என்று ஆகிவிடும்.

இளவேனில்:

விதியாக எழுதினால் காயத்தை என்ன செய்வீர்கள், மாறன்? டெருனோஃபுஜி ஏழாம் நாளில் விலகியவுடன் அவருக்கு வைத்திருந்த மீதி மோதல்கள் அனைத்தும் சிதறிப்போயின. அவரோடு மோதவேண்டியிருந்த ஒசெக்கிகளுக்கு வேறு எதிராளிகளைத் தேட வேண்டியிருந்தது. டாகெருஃபுஜிக்கு ஒசெக்கிகள் கிடைத்ததற்கு அந்த வெற்றிடமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு யோகோசுனாக்கள் நலமாக நிற்கும் தொடரில் இந்த விதியைக் கடைப்பிடிக்கவே முடியாது. களத்தின் நிலையைப் பார்த்து அன்றன்றைக்கு முடிவெடுக்கும் ஆட்கள்தான் வேண்டும். முன்னாள் மல்லர்களை அந்த இடத்தில் வைத்திருப்பதே அதற்காகத்தான்.

அந்த ஆட்கள் அன்று எவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பின்னால் நடந்தவற்றோடு வைத்துப் பாருங்கள். பத்தாம் நாள் எதிராளியான ஓனோசாட்டோ கடைசி நாள்வரை அவரைத் துரத்தினார்; அந்த ஆண்டு மே மாதமே கோப்பையை வென்றார்; 2025 மே தொடருக்குப் பிறகு 75ஆவது யோகோசுனாவானார். பன்னிரண்டாம் நாள் எதிராளியான ஹோஷோரியூ அதற்குச் சில மாதங்கள் முன்பு 74ஆவது யோகோசுனாவானார். பெயரளவில் அந்தத் தொடரில் டாகெருஃபுஜி எந்த யோகோசுனாவையும் சந்திக்கவில்லை. ஆனால் வருங்கால யோகோசுனாக்கள் இருவரையும் மூன்று நாள் இடைவெளிக்குள் சந்தித்து, ஒருவரை வென்றும் ஒருவரிடம் தோற்றும் வந்திருக்கிறார். இதைவிடக் கடினமான இடைநாள்களை எந்தப் புதுமுகத்துக்கு வகுத்திருக்கிறார்கள்?

தணிகை:

காயத்துக்குப் பிறகு அவர் என்ன ஆனார்?

கயல்:

மே தொடர் முழுவதையும் இழந்து, ஜூரியோவுக்கு இறங்கினார். 2024 செப்டம்பரில் அங்கே கோப்பையை வென்று, நவம்பரில் மேல்பிரிவுக்குத் திரும்பி, பத்து வெற்றிகள் பெற்றார்.

வைகறை:

இவ்வளவையும் படித்த பிறகு என் கேள்விக்கு நானே ஒரு விடையை எழுதுகிறேன். தீர்ப்பாளர் பிரிவு செய்தது சரி என்றுதான் இப்போதும் எண்ணுகிறேன். ஆனால் மாறன் கேட்பதில் ஒரு நாள் அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஓனோசாட்டோவும் டாகெருஃபுஜியும் அக்கம்பக்கத்து வரிசைக்காரர்கள் அல்லர் என்றாலும் இருவருமே மயேகாஷிராக்கள். அவர்களை இணைக்க எந்த மேல்தட்டு மோதலையும் கைவிட வேண்டியிருக்கவில்லை. எனவே அந்த மோதலை ஒன்பதாம் நாளிலேயே வைத்திருக்கலாம். வைத்திருந்தால் கோட்டோனோவாகா பத்தாம் நாளுக்கும், ஹோஷோரியூ பதினொன்றாம் நாளுக்கும் வந்திருப்பார்கள். பன்னிரண்டாம் நாளில் டகாகெய்ஷோவுக்கு இடம் கிடைத்திருக்கும். எட்டு வெற்றியைத் தேடித் திணறிக்கொண்டிருந்தாலும், முட்டித் தள்ளுவதில் அவருக்கு நிகரானவர் அன்று வேறெவரும் இல்லை. டாகெருஃபுஜியின் முதல் அடி வேகம் அந்த முட்டலுக்கு எதிரே தாக்குப்பிடித்திருக்குமா என்பதைப் பார்க்கத்தான் நான் மிகவும் விரும்பியிருப்பேன்.